எட்டு இருட்டு இழைகள்

கொண்டை ஊசி வளைவுகள் இருபது.
ஒவ்வொன்றிலும் ஒரு கல்,
கல்லில் மஞ்சள் பெயிண்டில் எண்,
அதற்கு ஒன்றரை அடி கீழே
துரைக்கண்ணுவின் குழாய்.

பாறையை உடைக்க வாங்கிய கடனுக்கு
அவருடைய செவ்வாய்ப்பேட்டை வீடு ஈடு போனது.
குழாய்க்குள் கண்ணாடி இழை பன்னிரண்டு.
நான்கில் வெளிச்சம் ஓடியது.
மிச்சம் எட்டும் இருட்டாகவே கிடந்தன
ஒன்பது வருஷம்.

ஏற்காட்டில் இணைப்புக்கு மாதம் தொள்ளாயிரம்.
வேண்டுமானால் கட்டு,
இல்லாவிட்டால் ஏரிக்கரையில் நின்று
போனைத் தூக்கிப் பிடி.

அந்த எட்டைக் கேட்டுப் போனவள் நான்.
அஸ்தம்பட்டி மாடியில் இரண்டு அறை,
நான், அன்வர்தீன்,
தவணையில் ஒரு ஸ்பிளைசிங் மெஷின்.
"வாடகைக்குக் குடுங்க" என்றேன்.
டீ வரவழைத்தார். ஆறவிட்டார்.
"நீயும் ஒரு மலைய வெட்டிக்கோம்மா."

மலை ஒன்றுதானே இருக்கிறது.
அதே சாலையை இன்னொரு தடவை பிளக்க
நெடுஞ்சாலைத் துறை விடுமா,
விட்டாலும் அது புத்தியா?
இதைத்தான் பதினேழு பக்கம் எழுதி அனுப்பினேன்.
மூன்றாம் வருஷம் உத்தரவு வந்தது:
இருக்கும் இழையைப் பகிர வேண்டும்.
வாடகை இவ்வளவு.
பைசா சுத்தமாக.

அந்த ஆடியிலேயே ஐந்தை ஏற்றினோம்.
மற்ற மூன்றுக்கு வேறு இரண்டு கம்பெனி.
தொள்ளாயிரம் நானூற்று நாற்பத்தொன்பது ஆனது.
லாட்ஜ்காரர்கள் என்னை மேடம் என்றார்கள்.

ஆனால்
கரடியூருக்கு அவர் அடித்து வந்த முளைக்குச்சி
முப்பத்தேழாவதோடு நின்றுவிட்டது.
ஆரஞ்சுக் குழாய்ச் சுருள்கள்
மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் வெளுத்தன.
"தோண்டினா மறுநாளே வருவீங்க,
சர்க்கார் சொன்ன ரேட்டுக்கு.
யாருக்குத் தோண்ட?" என்றான் அவருடைய சூப்பர்வைசர்.
உத்தரவுக்கு முந்தைய ஒன்பது வருஷமும்
கரடியூர் அங்கேயேதான் இருந்தது,
அப்போது ஏன் தோண்டவில்லை என்றேன்.
நல்ல பதில்.
இன்றைக்கும் நல்ல பதில் என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசியில் பதினான்காம் வளைவு சரிந்தது.
ஒரே தார்ப்பாய்க்குள் அவர் ஆள், எங்கள் ஆள்.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு.
தன் நான்கை முதலில் ஒட்டிவிட்டு
பீடி பற்றவைத்தான் அவர் ஆள்.
எதை முதலில் ஒட்டுவது என்று
உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

நேற்று சடையப்பன் கூப்பிட்டார்,
கரடியூர் ரேஷன் கடை.
"பாறைல ஏறி மிஷின வெச்சா மூணு கைரேகை ஏறுது.
நாலாவது சுத்திக்கிட்டே கெடக்கு.
வரிசைல அறுவது பேரு."

கணக்குத் தாளைத் திறந்தேன்.
பதினொரு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் சுத்தப் பாறை.
இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
நாங்கள் மட்டும் என்றால் ஏழு வருஷத்தில் போட்டது வரும்.
இன்னொருவன் அதே வாடகைக்கு நுழைந்தால் பதின்மூன்று.
ஏழை இரண்டு தடவை சரிபார்த்தேன்.
பதின்மூன்றை ஒரு தடவைகூட இல்லை.

மேஜையில் ஆணையத்தின் புதுக் கேள்வித்தாள்.
கேள்வி பதினான்கு:
புதிதாகப் பதிக்கும் இழைக்குச் சில வருஷம்
பகிர்விலிருந்து விலக்கு தரலாமா?
காரணம் கூறுக.
போன முறை இதற்கு 'கூடாது' என்று எழுதி
அடிக்கோடு போட்டிருந்தேன், இரண்டு கோடு.
அன்வர்தீன் எட்டிப் பார்த்தான்.
கட்டத்தை வெறுமையாக விட்டுப்
பதினைந்துக்குப் போனேன்.

சாயங்காலம் மறுபடி சடையப்பன்.
"யாரும்மா வர்றீங்க? நீங்களா, அவரா?"

"அவரு தோண்டட்டுங்க.
பின்னாடியே நாங்க வந்துடறோம்."

என் வாய்தான் சொன்னது.
அந்தப் பக்கம் பாறைக் காற்று கொஞ்ச நேரம்.
பிறகு மிஷின் பீப் என்றது.
நாலாவது ஆளாக இருக்கும்.